கம்பத்தடியில் நின்றவள்

"ஆயிரம் பேரு இருந்தாங்கன்னு சொன்னீங்களே, ஒருத்தரைக்கூடக் காணோம்?"

நசீம் பானு ஈரம் சொட்டிக்கொண்டிருந்த படத்தைக் கொடிக்கயிற்றிலிருந்து உருவிக் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினாள். படத்தில் அரூர்ப் பொருட்காட்சித் திடல். நடுவில் ராட்டினம், அது சுற்றியதில் விளக்குகளெல்லாம் கலந்து ஒரே வெள்ளை வளையமாகிவிட்டிருந்தன. கீழே கடைகள் இருந்தன, மண் தரை இருந்தது. மனித வாடையே இல்லை.

ஹயாத் பாஷா பொறுமையாகச் சொன்னார். "ரெண்டு நிமிசம் கேமராவைத் தொறந்தே வெச்சிருக்கேன் பானு. நடமாடறவங்க பிலிம்ல விழ மாட்டாங்க. அசையாம நிக்கறது மட்டுந்தான் விழும்."

"ஆயிரம் பேருல ஒருத்தர்கூடவா நிக்கல?"

"பொருட்காட்சிக்கு வந்துட்டு எவன் ரெண்டு நிமிசம் மரமாட்டம் நிப்பான்?"

"அப்ப நீங்க எடுக்கற கல்யாணப் படத்துலயெல்லாம் ஆளுங்க விழறாங்களே?"

"அது வேற கணக்கு. நம்பலைன்னா நேர்ல வந்து பாரேன்."

"எனக்கென்ன, வூட்ல வேலையில்லையா?"

அவளுக்கு எல்லாமே வேறு கணக்காகத்தான் பட்டது. வீட்டின் முன்னறைதான் ஸ்டுடியோ. எட்டு வருஷமாக அதைப் பூட்டியதும் உள்ளே வந்து காலை நீட்டிவிடுகிற மனிதர், தை பிறந்ததிலிருந்து பொழுது சாய்ந்தால் ஸ்வெட்டரை மாட்டுகிறார், தலையைப் படிய வாருகிறார், கேமரா ஸ்டாண்டைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறார். குளிருக்கு ஸ்வெட்டர், சரி. குளிருக்கு யாராவது தலை வாருவார்களா?

அரூரில் அவர் படம் எடுக்காத முகம் இல்லை. அவளை எடுத்தது ஒரே ஒரு தடவை, நிக்காஹ் முடிந்த வாரத்தில். அடுப்பில் பால் இருந்த நினைவில் அவள் திரும்பிவிட, முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வெள்ளைப் புகை விழுந்தது. "உனக்குக் கால்ல சக்கரம். ஒரு நொடி சும்மா நிக்கத் தெரியாது" என்று சொன்னவர், அப்புறம் அவள் பக்கம் கேமராவைத் திருப்பவே இல்லை.

மறுநாள் அவர் கிளம்பிய கால் மணி நேரத்தில் நசீம் பானு பக்கத்து வீட்டுப் பரிதாவிடம் போய் நின்றாள்.

"உன் புர்காவை ஒரு மணி நேரம் குடு."

"உங்களுது என்னாச்சுக்கா?"

"நனைஞ்சிருச்சு."

பரிதா வானத்தைப் பார்த்தாள். மழை பெய்து ஒரு மாதமாகியிருந்தது. ஆனாலும் கொடுத்தாள்.

திடலில் கூட்டம் அலைமோதியது. கலர் டி.வி. கடைக்கும் ராட்டினத்துக்கும் நடுவே கேமராவை ஸ்டாண்டில் மாட்டி, அதைத் திறந்து மூடும் வயரைக் கையில் பிடித்து நின்றிருந்தார் பாஷா. நசீம் பானு எதிர்ப்புறம் குள்ளம்மாளின் பஜ்ஜிக் கடையை ஒட்டிய விளக்குக் கம்பத்தடியில் ஒதுங்கி, முகத்திரையை இறக்கிவிட்டுக்கொண்டாள். அசைந்தால் அவர் கண்ணில் பட்டுவிடுவோம் என்று மூச்சைக்கூட அளந்து விட்டாள். அவர் எவளையும் பார்க்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார், ராட்டினத்தைப் பார்த்தார், பொதுவாக இந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். அவ்வளவுதான்.

பஜ்ஜிப் புகையில் கண் எரிந்தாலும் மனம் குளிர்ந்து வீடு திரும்பினாள்.

அந்தக் குளிர்ச்சி மறுநாள் காலைவரை இருந்தது.

"பானு! இங்க வாயேன்!" இருட்டறையிலிருந்து பாஷா கத்தினார். "ஒரு ஆளு விழுந்திருக்கு!"

வெள்ளை வளையத்துக்குக் கீழே, ஆளில்லாத திடலில், கம்பத்தடியில் கறுப்பாக, செதுக்கி வைத்தாற்போல் ஒரு பெண். அங்கே அலைந்த அத்தனை பேரும் மறைந்துபோக, ஒளிந்து நின்றவள் மட்டும் அகப்பட்டிருந்தாள்.

"யாரோ பொம்பள" என்றாள்.

"ரெண்டு நிமிசம் அசையல பாரு. என்ன பொறுமை! என்ன நிதானம்!"

எட்டு வருஷத்தில் அவர் தன்னை இப்படிப் புகழ்ந்ததில்லை. இப்போதும் அவர் புகழ்வது தன்னையல்ல என்றே அவளுக்குப் பட்டது.

"கிழிச்சுப் போடுங்க. யாரு வூட்டுப் பொண்ணோ."

"முகம்தான் தெரியலையே" என்று சொல்லி, அவர் அதைப் பெரிதாக்கி ஸ்டுடியோவின் கண்ணாடி ஜன்னலில் மாட்டினார்.

மத்தியானத்துக்குள் எதிர்க்கடைத் தையல்காரர் முனாப் வந்துவிட்டார்.

"பாய், யாருங்க அது?"

"தெரியலீங்க. இன்னிக்கும் வந்தா நல்லாருக்கும்."

உள்ளே வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த நசீம் பானு கத்தியைக் கீழே வைத்தாள். இன்னிக்கும் வந்தா! போகாமல் விட்டால் எல்லாம் ஓய்ந்துவிடும். ஆனால் அந்தக் கம்பத்தடியில் வேறு எவளாவது வந்து நின்றுவிட்டால்?

அன்று நிற்கவே கூடாது என்ற முடிவோடு போனாள். பலூன் கடை, வளையல் கடை என்று நடந்துகொண்டே இருந்தாள். பாஷா கேமராவைத் திறக்கவில்லை. பள்ளிக்கூட வாசலில் பிள்ளையைத் தேடுகிறவர்போலக் கழுத்தை நீட்டி அங்குமிங்கும் பார்த்தார். யாரைத் தேடுகிறார்? தேடுகிறவரின் முகத்தைச் சரியாகப் பார்த்துவிட வேண்டும். கம்பத்தடிக்குப் போனாள். குள்ளம்மாள் அடுப்பை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்திருந்ததால் புகைத் தொந்தரவு இல்லை. ஒரு நொடிதான் என்று நின்றாள். அவர் முகம் மலர்ந்தது. அந்த மலர்ச்சி யாருக்கு என்று யோசித்ததில் ரெண்டு நிமிஷம் போனதே தெரியவில்லை.

மறுநாள் ஜன்னலில் இரண்டாவது படம்.

மூன்றாம் நாள் பரிதாவின் மாமியாருடைய காப்பிப்பொடி நிறப் புர்காவை வாங்கிக்கொண்டு போனாள்.

"துணி வேற" என்றார் பாஷா, மூன்றாவது படத்தை வெளிச்சத்தில் பிடித்து. "ஆளு அதேதான்."

"எப்படித் தெரியும்?"

"வலது காலை லேசா மடக்கி, இடுப்புல கையை வெச்சு, வழக்காடறாப்பல ஒரு நிலை. அது யாருக்கும் வராது."

தன் கணவர் அடுத்தவளின் நிலையை இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கிறாரே என்று அவளுக்கு அழுகை முட்டியது. அந்த அடுத்தவள் தான்தான் என்பது அந்த நேரத்தில் எந்த ஆறுதலும் தரவில்லை. உண்மையைச் சொன்னால் வேவு பார்த்தவள் என்று ஆகும். சொல்லாவிட்டால், தன் கண் முன்னாலேயே, தன் புருஷனை, தானே பறித்துக்கொண்டவள் ஆவாள்.

"இன்னிக்கோட பொருட்காட்சி முடியுது" என்று பெருமூச்சு விட்டார் பாஷா. "அதுக்கப்புறம் இந்தப் படமும் கிடைக்காது."

படமா, அவளா? நசீம் பானு முடிவு செய்துவிட்டாள். கடைசி நாள் அந்த மர்மப் பெண்ணாகவே அவர் முன்னால் போய் நிற்பது. அவர் ஒரு வார்த்தை இளித்துப் பேசினால் போதும். திரையைத் தூக்கிவிட்டு, அப்படியே கடத்தூர் பஸ் ஏறி அம்மா வீடு. புர்காவுக்குள் ஒரு மாற்றுப்புடவையைக்கூடச் சுருட்டி வைத்துக்கொண்டாள்.

புடவையைத் தேடி எடுத்ததில் நேரமாகிவிட்டது. திடலுக்கு ஓடி வந்தபோது ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. பாஷா பனியில் கைகளைத் தேய்த்துக்கொண்டு கேமராவோடு காத்திருந்தார். அவரை நோக்கி விறுவிறுவென்று நடந்தவளின் கையைப் பஜ்ஜிக் கரண்டியோடு ஒரு கை எட்டிப் பிடித்தது.

"அங்க எங்கம்மா போறீங்க? உங்க எடம் கம்பத்தடி" என்றாள் குள்ளம்மாள். "சீக்கிரம் போய் நில்லுங்க, உங்க வூட்டுக்காரரு அரை மணி நேரமா குளுர்ல வெறைச்சுப் போய் நிக்கறாரு, மொத நாளே என்கிட்ட வந்து, 'ஆயா, எட்டு வருசத்துல எங்க வூட்டம்மா அசையாம நின்னு இப்பத்தான் பாக்கறேன், புகை பட்டா ஓடிப் போயிடுவா, அடுப்பைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்க'ன்னு சொல்லிட்டுப் போனாருங்க!"