நான் வளர்த்த முள்காடு

அறிவியல் படித்தவருக்கு எல்லாம் தெரியும் என்று நம்புகிறவர்கள் இரண்டே வகை. ஒன்று, அறிவியல் படிக்காதவர்கள். மற்றது, அறிவியல் டீச்சராக முதல் வருடம் வேலை பார்க்கிறவர்கள். நான் இரண்டாவது வகை.

செவிலிமேட்டுப் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குப் பாடம் எடுக்கச் சேர்ந்த புதிது. "இனிமே க்ளாஸ் எல்லாம் வெளியிலதான்!" என்று முழங்கினேன். (வகுப்பறையில் ஃபேன் ஓடவில்லை என்பதும் ஒரு காரணம்.) விதைப்பந்து வீசி ஓர் ஏரிக்கரையையே காடாக்குவது என் திட்டம். வேப்ப விதைகளை நாட்டு மருந்துக் கடையில் வாங்கினேன். களிமண்ணோடு பிசைய எரு வேண்டுமே? திருப்புட்குழியில் மாமியார் வீட்டில் ஆடுகள் இருந்தன. ஒரு மூட்டை ஆட்டுப் புழுக்கையை நானே ஸ்கூட்டரில் கொண்டுவந்தேன். பிள்ளைகள் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் உருட்டினார்கள். திருப்புட்குழி ஏரிக்கரை முழுக்க வீசிவிட்டு, எங்களுக்கு நாங்களே கைதட்டிக்கொண்டோம்.

மழைக்காலம் முடிந்ததும் தலைமையாசிரியையையும் அழைத்துக்கொண்டு பிள்ளைகளோடு பார்க்கப் போனேன். கரையெங்கும் பச்சை! எனக்குக் கண் கலங்கிவிட்டது. (கலங்காமல் இருந்திருந்தால் இலையைச் சரியாகப் பார்த்திருப்பேன்.)

பக்கத்துக் கழனியிலிருந்து ஏகாம்பரம் என்ற விவசாயி விறுவிறுவென்று வந்தார்.

"யாருமா இதெல்லாம் போட்டது?"

"நாங்கதாங்க!" பாராட்டை வாங்கிக்கொள்ள அடக்கமான ஒரு சிரிப்பையும் தயாராக வைத்திருந்தேன்.

"போன வருசம்தாம்மா ஊரே சேந்து ஜேசிபி வெச்சி வேரோட புடுங்கினோம். அதையே திரும்பக் கொண்டாந்து போட்டுக்கினு நிக்கிறீங்களே! அத்தினியும் சீமைக்கருவேலம்மா!"

"இல்லீங்க, இது வேம்பு..." என்று ஒரு செடியை ஆசையாகத் தடவினேன். நறுக்கென்று முள் ஏறியது.

அதற்குள் ஜெனிஃபர் என்ற மாணவி கீழே உட்கார்ந்து, பாதி கரைந்த ஓர் உருண்டையைப் பிட்டுப் பார்த்துவிட்டாள்.

"மிஸ், வேப்பங்கொட்டை அப்படியே இருக்குது. புழுக்கைலேர்ந்துதான் மொளைச்சிருக்குது. ஆடு காய தின்னா வெதை வெளிய வந்து பரவும்னு நீங்கதான மிஸ் பாடம் எடுத்தீங்க?"

எடுத்தேன். படம் போட்டு எடுத்தேன். கடையில் மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த வேப்ப விதை முளைக்காது என்பதைத்தான் எனக்கு யாரும் எடுக்கவில்லை. தலைமையாசிரியை வீடியோ எடுக்க நீட்டிய செல்போனை மெதுவாகக் கைப்பைக்குள் வைத்தார். அது முள்ளைவிட ஆழமாக இறங்கியது.

நான்கு சனிக்கிழமைகள் குனிந்து குனிந்து பிடுங்கினேன். ஏகாம்பரம் கடப்பாரை தந்தார், மோர் தந்தார், புத்தியும் தந்தார்: "அடுத்த தபா ஆடு இன்னா தின்னுச்சுன்னு கேட்டுக்கினு வாங்கம்மா." வரவேண்டாம் என்று சொல்லியும் பிள்ளைகள் வந்து, யார் நீளமான வேரை அறுபடாமல் எடுப்பது என்று போட்டி போட்டார்கள். ஆணிவேர் என்றால் என்ன என்று அந்த வகுப்பில் ஒருவரும் இன்றுவரை மறக்கவில்லை.

என் வீட்டிலும் ஒருவரும் மறக்கவில்லை. போன மாதம் நாத்தனார் மகளுக்கு வளைகாப்பு. வந்தவர்களுக்குத் தாம்பூலப் பையோடு ஆளுக்கொரு மரக்கன்று. எடுத்துக் கொடுக்கலாமென்று கையை நீட்டினேன். மண்டபமே திரும்பும்படி மாமியார் கத்தினார்:

"யம்மா, நீ போயி பந்தியில பாயசம் ஊத்து. செடிகிட்ட மட்டும் போவாத!"

ஏன் என்று யாரோ கேட்டுத் தொலைக்க, கதையை முதலிலிருந்து ஆரம்பித்தார். அவர் சொல்லும் கதையில் ஆட்டின் மேல் ஒரு தப்பும் கிடையாது.