ஏழாம் நம்பர் மலையும் ஆரம்பநிலை மலையேறுவோர் சங்கமும்

இமயத்தின் அடிவாரத்தில் பிறந்தவர்களுக்குக்கூட வாய்க்காத பெருமை எங்கள் ஹட்டன் நகருக்கு வாய்த்திருக்கிறது. எந்த மலையிலும் ஏறாமல், மலையேற்றச் சங்கம் ஒன்றைப் பதினான்கு மாதங்கள் வெற்றிகரமாக நடத்திக்காட்டிய ஊர் உலகத்தில் இது ஒன்றுதான். அந்த 'ஆரம்பநிலை மலையேறுவோர் சங்க'த்தின் செயலாளர் என்ற முறையில் இதை மிகுந்த அடக்கத்துடன் பதிவு செய்கிறேன்.

பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் போட்டோகொப்பிக் கடை வைத்திருப்பவன் நான். கடிதங்களை இலவசமாக அடித்துக் கொடுக்க ஒருவர் தேவைப்பட்டதால், போட்டியின்றிச் செயலாளராகத் தெரிவானேன். தலைவர் சூசைரட்ணம், வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர். பொருளாளர் நல்லமுத்து, ஆணி முதல் தகரம் வரை விற்கும் கடைக்காரர். பயிற்றுநர் ஜெரோஷன், கொழும்பில் மூன்று நாள் மலையேற்றப் பயிற்சி பெற்றவர். முதல் நாள் பதிவு, மூன்றாம் நாள் சான்றிதழ். இடையில் ஒரு நாள் மழை.

சங்கத்தின் இலட்சியம், பத்து நாள் மலையேற்றப் பயணம். ஆரம்பநிலையினருக்கு ஏற்ற மலைகள் எவை? இந்த ஒரு கேள்விக்காக இருபத்தெட்டுக் கூட்டங்கள் கூடினோம்.

"சிவனொளிபாத மலை?" என்று தொடங்கினேன்.

"அதுல படி இருக்கு" என்றார் ஜெரோஷன். "படியில ஏறுறவன் பக்தன். மலையேறி இல்ல."

பிதுருதலாகலைக்குக் கார் போகிறது. கார் ஏறும் மலையில் நாமும் ஏறினால் நமக்கென்ன மரியாதை என்று கேட்டார் தலைவர். ஏழு கன்னிமலையைத் தலைவரின் மனைவி மார்கிரட் தேநீரோடு வந்து நிராகரித்தார். "கன்னிங்க ஏழு பேரு. இவரு பத்து நாளு. நான் சும்மா இருப்பேனா?" எஞ்சியது கிரிகல்பொத்தை. அங்கே அட்டை உண்டு.

"எனக்குச் சீனி வருத்தம்" என்று தன் நீரிழிவைச் சொன்னார் நல்லமுத்து. "என் ரத்தத்தக் குடிச்சா அட்டைக்கும் அந்த வருத்தம் வந்துரும். வாயில்லா சீவன். அந்தப் பாவம் நமக்கு எதுக்குங்க?"

ஜீவகாருண்ய அடிப்படையில் கிரிகல்பொத்தையும் நீக்கப்பட்டது. நாட்டில் மலைகள் தீர்ந்துபோய் நாங்கள் மலைத்து நின்ற வேளையில் தலைவரின் தொலைபேசி ஒலித்தது. அக்கரப்பத்தனைப் பக்கம் டன்வெல் தேயிலைத் தோட்டத்தை நிர்வகிக்கும் பெரிய துரை, தலைவரோடு ஒன்றாகப் படித்தவர். "எங்க ஏழாம் நம்பர் மலைக்கு வாங்களேன். பகல் சாப்பாடு பங்களாவில" என்றாராம்.

தோட்டத்தில் 'மலை' என்றால் சிகரம் அல்ல. தேயிலை நட்ட ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் அங்கே மலை என்றுதான் பெயர். கொழுந்து பறிக்கப் போவதை 'மலைக்குப் போறோம்' என்பார்கள். இது எனக்குத் தெரியும். நான் பிறந்ததே டன்வெல் தோட்டத்துத் தொழிலாளர் குடியிருப்பான மூன்றாம் லயத்தில். என் அம்மா முப்பத்தொரு வருடம் மலைக்குப் போனவர். ஆனால் பங்களாச் சாப்பாடு என்ற சொல் விழுந்த பிறகு விளக்கங்கள் எடுபடுவதில்லை. சங்கத்தின் முதல் மலை ஏகமனதாகத் தெரிவு செய்யப்பட்டது.

ஒரு சனிக்கிழமை காலை, தூறலில், தலைக்கவசமும் இடுப்புப் பட்டியும் ஆணி பதித்த சப்பாத்துமாக ஏழாம் நம்பரில் கால் வைத்தோம். பாதி வழியில் வழுக்குப் பாறை. நாற்பது அடி உயரம், பாசி, மேலிருந்து ஒழுகும் தண்ணீர். ஜெரோஷன் தேயிலைச் செடியொன்றில் கயிற்றைக் கட்டினார். நாங்கள் நால்வரும் நான்கு கால்களால் முன்னேறினோம். அரை மணி நேரத்தில் ஆறடி.

அப்போது கீழிருந்து பெண்கள் வந்தார்கள். முதுகில் கூடை, இடுப்பில் படங்குச் சாக்கு, காலில் ஒன்றுமில்லை. முன்னால் வந்த ராக்காயி எங்களைக் கண்டு நின்றார்.

"என்னா சார் தொலைச்சிட்டீங்க? நாங்களும் தேடவா?"

"தேடலம்மா. ஏறுறோம்" என்றார் தலைவர், பாறையில் கன்னத்தை வைத்தபடியே.

"ஏறுறதுன்னா மேலதானுங்களே போகணும்?"

அவருக்குப் பின்னால் நின்ற சர்மிளா சிரிப்பை அடக்கிக்கொண்டாள். உயர்தரம் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் மலைக்கு வருகிறவள். எங்கள் லயத்துப் பிள்ளை. "அண்ணே, நீங்களுமா?" என்றாள். தலைக்கவசம் போட்டிருந்தும் என்னை அடையாளம் கண்டுவிட்டாள்.

பெண்கள் எங்களைக் கடந்து மேலே போனார்கள். எந்தப் பிளவில் எந்த விரல் என்று அவர்கள் கால்களுக்குத் தெரிந்திருந்தது. அதைப் பார்த்து உற்சாகமடைந்த தலைவர், "அவ்வளவுதானா?" என்று எழுந்து நின்றார். அடுத்த கணம் அவர் பாறையில் இல்லை. கீழே வடிகால் கானுக்குள், தண்ணீரில் உட்கார்ந்திருந்தார். கணுக்கால் பனங்காயாக வீங்கியிருந்தது.

"தலைவருக்குச் சாமி மலையேறிருச்சு" என்றார் ராக்காயி.

கூடைகளை இறக்கிவிட்டு ஆறு பெண்கள் திரும்பி வந்தார்கள். இரண்டு படங்குகளை முடிச்சுப் போட்டுத் தலைவரை அதில் கிடத்தி, அந்தப் பாறை வழியாகவே இறக்கினார்கள். அவர்களுக்கு இருபது கிலோ கொழுந்து நிறுத்தால்தான் அன்றைக்கு முழுப் பேர், முழுச் சம்பளம்.

"கங்காணி இவர நிறுத்தா நம்ம ஆறு பேருக்கும் பேரு விழுந்துரும்" என்றார் ராக்காயி மூச்சு வாங்க. ஆனால் கங்காணி தலைவரை நிறுக்கவில்லை. ஆறு பேருக்கும் அன்று அரைப் பேர்தான் விழுந்தது.

பங்களா விறாந்தையில் ஜெரோஷன் தன் சான்றிதழுக்குரிய கடமையைச் செய்தார். அறிக்கை எழுதினார். 'ஏழாம் நம்பர் மலை, வழுக்குப் பாறை. அதியுயர் ஆபத்துப் பிரிவு. மூன்று கயிறும் தலைக்கவசமும் இன்றி ஏறலாகாது. பாரத்துடன் ஏறவே கூடாது. மழைநாளில் எவரும் அண்டக்கூடாது.' நான் உரக்க வாசித்தேன். தலைவரைக் கொண்டுவந்து விட்ட பெண்கள் படியோரம் நின்று கேட்டார்கள்.

சர்மிளா என்னைத் தனியே அழைத்தாள்.

"அண்ணே, சித்திரையில வேலாயி அத்தை விழுந்தது அதே பாறையிலதான். இடுப்பு ஒடஞ்சு இப்பவும் கம்பு ஊணித்தான் நடக்குது. படி வெட்டிக் கொடுங்க, புடிச்சு ஏற ஒரு கம்பி போடுங்கன்னு ஆப்பீசுல கேட்டோம். அந்த எடத்துல ஆபத்தே இல்ல, கவனமில்லாமத்தான் விழுந்தாங்கன்னு எழுதிட்டாங்க. இந்தக் கடுதாசியில ஒரு கொப்பி தாங்கண்ணே. அடுத்த மழைக்கு முன்னால படி வந்துரும்."

வேலாயி என் அம்மாவோடு ஒரே நிரையில் பறித்தவர். "அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை கடைக்கு வா" என்றேன். உண்மையிலேயே கொடுக்கத்தான் நினைத்தேன்.

ஆனால் சங்கம் என்று ஒன்று இருக்கிறதே. அன்று மாலையே தலைவரின் வீட்டில் அவசரக் கூட்டம். தலைவரின் கால் தலையணை மேல் வீற்றிருந்தது.

"ஆபத்துன்னு எழுதி அவங்க கையில கொடுத்தா, தொரை மனசு நோகும்" என்றார் நல்லமுத்து. "அப்பறம் பங்களா ஏது?"

"அப்ப ஆபத்து இல்லன்னு மாத்துவோம்" என்றார் ஜெரோஷன்.

தலைவர் நிமிர்ந்தார். "ஆபத்தில்லாத எடத்துலயா நான் விழுந்தேன்?"

சபை இரண்டு முறை தேநீர் குடித்தது. இறுதியில் பயிற்றுநரே ஒரு தத்துவத்தை அருளினார். "ஆபத்துங்கிறது ஆளப் பொறுத்தது. நாம ஆரம்பநிலை. நமக்கு ஆபத்து. அவங்க பழகினவங்க. அவங்களுக்கு எப்படி ஆபத்து வரும்?"

"வேலாயி?" என்றேன்.

"கவனம் இல்லாம இருந்திருப்பாங்க தம்பி" என்றார் தலைவர் கனிவாக.

இந்தத் தத்துவத்தை அறிக்கையின் அடியில் நான் நல்ல தமிழில் சேர்ப்பதென்றும், அதைத் துரைக்கு மட்டும் அனுப்புவதென்றும் முடிவாயிற்று. ஞாயிற்றுக்கிழமை சர்மிளா இரண்டு பஸ் மாறி என் கடைக்கு வந்தாள். "மெஷின் பழுது" என்றேன். எனக்குப் பின்னால் மெஷின் யாரோ ஒருவருடைய காணி உறுதிப் பத்திரத்தைப் பக்கம் பக்கமாகத் துப்பிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "சரிண்ணே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். செயலாளர் பதவியின் பொறுப்பு எவ்வளவு பாரமானது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

ஆனால் எங்கள் அறிக்கை வீண்போகவில்லை. இருபத்தெட்டுக் கூட்டங்களின் பலனை நாடு கண்டது. இரண்டு வாரத்தில் ஏழாம் நம்பருக்குச் சீமெந்தும் மணலும் கம்பியும் வந்திறங்கின. மேசன்மார் வந்தார்கள். "படி வருது!" என்று லயமெல்லாம் பேச்சு. வேலாயிகூடக் கம்பை ஊன்றிக்கொண்டு தினமும் வந்து பார்த்தாராம்.

படி வந்தது. பிடித்து ஏறக் கம்பியும் வந்தது. மொத்தம் ஐந்து படிகள். ஐந்தாவது படியில் பளபளவென்று ஓர் அறிவித்தல் பலகை. அதற்கு மேலே பழைய பாறை. விருந்தினர் சப்பாத்து நனையாமல் பலகையருகே நின்று படம் எடுக்கட்டும் என்று துரை செய்த ஏற்பாடு அது.

திறப்பு விழாவுக்குத் தேங்காய் உடைத்தார்கள். துரை எங்கள் சங்கத்தைப் பாராட்டினார். பக்கத்துத் துரைமாரும் வந்திருந்தார்கள். தொழிலாளர் கேள்வி கேட்கும் இடங்கள் தங்கள் தோட்டங்களிலும் உண்டு, இப்படியொரு அறிக்கையும் பலகையும் தங்களுக்கும் வேண்டும் என்றார்கள். கொத்மலையில் மூன்று நாள், ராகலையில் நான்கு நாள், மீதி அக்கரப்பத்தனையிலேயே. எல்லா இடத்திலும் பங்களா, எல்லா இடத்திலும் பகல் சாப்பாடு. பதினான்கு மாதங்களாகத் தெரிவாகாத மலைகள் ஐந்து நிமிடத்தில் தெரிவாகிவிட்டன.

விருந்தினர் பங்களாவுக்குப் புறப்பட்டதும் பெண்கள் படிகளருகே வந்தார்கள். வேலாயிக்கு எழுத்துத் தெரியாது. "என்னடி எழுதியிருக்கு?" என்று கேட்டார். சர்மிளா உரக்க வாசித்தாள்.

"ஆபத்து! இம்மலையில் ஏறுதல் உயிருக்குக் கேடு. மீறி ஏறுவோருக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. கொழுந்து பறிப்போருக்கு இத்தடை பொருந்தாது."

"யாரு எழுதுனது? தொரையா?"

"தொரைக்கு ஏது இவ்வளவு தமிழு?" என்ற சர்மிளா என் பக்கம் திரும்பினாள். "நம்ம மூணாம் லயத்து அண்ணன்தான்."

ராக்காயி கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு ஐந்து படிகளையும் ஏறி, பலகையைச் சுற்றிப் பாறையில் கால் வைத்தார். மற்றவர்களும் பின்னால் போனார்கள். தூறல் விழத் தொடங்கியிருந்தது. வேலாயி மட்டும் கம்பை ஊன்றி என்னிடம் வந்து, என் கன்னத்தைத் தடவினார்.

"நல்லா இரு ராசா. நாங்க அத்தன பேரும் விழுந்த எடத்துல, நீ ஒருத்தனாவது வழுக்காம மேல போயிட்ட."