அக்குலாக்கின் வலது காது

இனி மிருக வைத்தியரின் வாசலை மிதிப்பதில்லை என்று சபதம் போட்டேன். நாரின் நகரத்துப் பக்கம் எங்கள் ஊரில் எந்த லாரி டியூப் உப்பினாலும் என் பஞ்சர் கடைக்குத்தான் வரும். நாய்க் காது எம்மாத்திரம்?

எங்கள் வேட்டை நாய் அக்குலாக்கின் வலது காது மடல் உப்பிவிட்டது. தொட்டால் தண்ணீர்ப் பைபோலத் தளதளத்தது.

"தலையை உதறி உதறி உள்ளே ரத்தக் குழாய் உடைஞ்சிருக்கு. காதுக்குள்ள நாத்தம் வேற. அத்-பாஷி ஊர் மிருக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க" என்றாள் மனைவி புருலாய்.

"காத்து இறக்கத் தெரியாதவனா நான்?"

"அது காத்து இல்லீங்க, காது!"

ஊசியைக் காய்ச்சிக் குத்தினேன். மடல் தட்டையாயிற்று. நாய் ஒரு உதறு உதறியது. சுவர், தேநீர்க் கோப்பை, புருலாய் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தைத்த கம்பள விரிப்பு, எல்லாம் ரத்தம். மறுநாள் காது பழையபடி பலூன். மறுபடி குத்தினேன். மறுபடி பலூன். மூன்றாம் தடவை ஊசியை எடுத்ததுமே அக்குலாக் அடுப்புக்குப் பின்னால் ஒடுங்கியது. குட்டியிலிருந்து என் கையில் தின்ற நாய். ஆனாலும் சபதம் விடவில்லை. குத்திவிட்டு, டயர் வாங்க பிஷ்கேக்குக்கு பஸ் ஏறினேன்.

இரண்டு நாள் கழித்துத் திரும்பினால், நாய் தலையில் வெள்ளைக் கட்டு.

"உங்க வைத்தியம் வீணாகக் கூடாதேன்னு கட்டினேன். பிரிச்சுடாதீங்க" என்றாள் புருலாய், கல்யாணமான நாளிலிருந்து காட்டாத மரியாதையோடு.

பத்தே நாளில் கட்டு போயிற்று. வீக்கமும் போயிற்று. சந்தையிலும் கல்யாண விருந்திலும் என் ஊசியின் புகழைப் பாடினேன். பக்கத்து வீட்டு தோக்தோசுன், காது உப்பிய தன் நாயை இழுத்துக்கொண்டு வந்தே விட்டான்.

"குத்தின இடத்தைப் பாரு!" என்று அக்குலாக்கின் மடலைத் திருப்பினேன்.

உட்பக்கம் நெடுகக் கறுப்பு நூல் தையல்.

"ஏம்பா, பஞ்சர் கடையில தையல் மிஷினும் வச்சிருக்கியா?" என்றான் தோக்தோசுன்.

புருலாய் தேநீர் ஊற்றிக்கொண்டே அவனிடம் சொன்னாள்: "இவர் பிஷ்கேக் பஸ் ஏறினதும் நான் அத்-பாஷி பஸ் ஏறிட்டேன் அண்ணே. டாக்டர் கீறி, ரத்தக்கட்டியை எடுத்துட்டுத் தைச்சார். காதுக்குள்ள புண்ணாம், அந்த அரிப்புலதான் உதறிச்சாம். சொட்டு மருந்து கொடுத்தார். இவர் கடைக்குப் போனதும் நான் ஊத்துவேன். அசையாமக் காட்டும். நாளைக்கு நூல் பிரிக்கணும், நீங்களும் உங்க நாயைக் கூட்டிட்டு வாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லல?" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை.

"சொன்னா நாலாவது தடவை குத்துவீங்க. அதான் நாய் காதுல கட்டைச் சுத்தினேன், உங்க காதுல பூவைச் சுத்தினேன்."