வெள்ளிக்கு ஓநாய், இரும்புக்குப் பேய்

மாடி அறையை மீட்டே தீருவது என்று முடிவெடுத்தேன். எதிரி யார் என்று கேட்பீர்கள். என் மனைவி மாரீஸ்வரியின் சீர் சாமான்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் முத்தரசு. ஊர் காரைக்குடி. வேலை மின்வாரியத்தில், வீரம் ஞாயிற்றுக்கிழமைகளில். ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு நானும் என் நண்பன் அயாஸும் உட்கார்ந்து ஒரு விளையாட்டு விளையாடுவோம். அயாஸ் துபாயில் வேலை பார்த்தபோது கற்றுக்கொண்டு வந்து எனக்குத் தொற்றவைத்தது. ஒருவர் கதை சொல்வார். அவர்தான் மாஸ்டர். மற்றவர் அந்தக் கதைக்குள் ஒரு வீரனாகப் புகுந்து பூதங்களோடு மோதுவார். அடி விழுந்ததா, விழவில்லையா என்பதை இருபது முகம் கொண்ட ஒரு பகடை சொல்லும்.

இதில் நான் கரை கண்டது ஆயுதம். கத்தியா, கோடாலியா என்பது சின்னப் பிள்ளைகள் பேச்சு. அது எந்த உலோகம் என்பதுதான் விஷயம். ஓநாய் மனிதனைச் சாதாரண வாளால் நாள் முழுக்க வெட்டினாலும் கொட்டாவி விடுவான். வெள்ளி பட்டால் விழுந்தான். பேய்க்கு, நெருப்பில் காய்ச்சாமல் அடித்த இரும்பு. அதற்குக் கோல்டு அயன் என்று பெயர். கல் பூதத்துக்கு அடமண்டைன். உலகத்திலேயே கடினமான உலோகம் அது. உலகத்தில் இல்லை என்பது மட்டுமே அதன் குறை. பாவம், பித்தளைக்குத்தான் ஒரு மரியாதையும் கிடையாது. பித்தளைக்கு அடங்குகிற பூதம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இதையெல்லாம் நான் சாப்பிடும்போது சொல்வேன். தூக்கத்திலும் சொல்கிறேனாம். மாரி காதில் வாங்கிக்கொள்வதாகவே தெரியாது. ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள்.

"அது என்னது, அடமண்டையா?"

"அடமண்டைன்."

"அதான் நம்ம வீட்லயே ஒண்ணு இருக்கே. காலையில எழுப்புனா எந்திரிக்கவே மாட்டேங்குது."

நிற்க. மாடி அறைக்கு வருகிறேன். என் மாமனார் கல்லல்காரர். செட்டிமார் வீட்டுக் கல்யாணங்களில் கூடம் நிறையச் சீர் பரப்பி வைத்திருப்பதைப் பார்த்துப் பார்த்து, தன் மகளுக்கும் ஒரு சாமான் குறையக் கூடாது என்று வைராக்கியம் கொண்டவர். நெல் விற்றுக் காசு வரும்போதெல்லாம் ஒன்றிரண்டாக வாங்கிச் சேர்த்தார். வெள்ளி, பித்தளை, எவர்சில்வர், இரும்பு, கல், மரம் என்று பூமியில் என்னென்ன உண்டோ அத்தனையிலும் பாத்திரம். கல்யாணத்தன்று லாரியிலிருந்து இறங்கியது நேராக எங்கள் மாடிக்கு ஏறியது. ஏறியது ஏறியதுதான். எங்கள் மகள் சினேகாவின் கல்யாணத்துக்கு வேண்டுமாம். சினேகா ஒன்றாம் வகுப்பு படிக்கிறாள்.

இதற்கிடையில் எங்கள் விளையாட்டுக்கென்று பழைய சாமான் கடைத் தெருவில் ஒரு தேக்கு மேஜை வாங்கிவிட்டேன். எட்டுப் பேர் சுற்றி உட்காரலாம். கூடத்தில் போட்டால் கூடமே மேஜையாகிவிட்டது. அடியில் சினேகா பொம்மைகளோடு குடித்தனம் நடத்துகிறாள். ஆகவே மாடி அறை வேண்டும்.

"மாரி, அந்தச் சாமானையெல்லாம் கல்லலுக்கே அனுப்பிருவோம். உங்க வீட்ல தொழுவம் சும்மாத்தானே கெடக்கு?"

"எஞ்சீரு போயி மாட்டுத் தொழுவத்துல கெடக்கணுமாக்கும்?"

"இங்க மட்டும் என்ன வாழுது? ஒரு சாமானாச்சும் எதுக்காச்சும் உதவியிருக்கா?"

மாரிக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பெரிய அண்டாவைக் கூலியாள் கையில் கொடுக்க மனமில்லாமல் அவள் அப்பா தலையில் சும்மாடு கட்டித் தானே சுமந்து மாடியேறியதை நானும் பார்த்தவன்தான். எனக்கும் மனசுக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அது கிழக்குப் பார்த்த அறை. காற்று வேறு நன்றாக வரும்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"சரிங்க. உங்க விளையாட்டுலயே பாத்துருவோம். நான் உள்ள வாரேன். நான் செயிச்சா சாமான் மாடியிலதான் இருக்கும், நீங்க அதைப் பத்தி வாயத் தொறக்கக் கூடாது. தோத்தா நானே வண்டி பேசிக் கல்லலுக்கு ஏத்தி விட்டுர்றேன்."

என் காதை என்னால் நம்ப முடியவில்லை. இருபது முகப் பகடையைக் கையால் தொட்டறியாதவள் என்னிடம் பந்தயம் கட்டுகிறாள்!

அந்த வாரம் முழுக்க நான் சரியாகச் சாப்பிடவில்லை. அவ்வளவு வேலை. கதையில் ஒரு கோட்டை கட்டினேன்; அதற்குள் நுழைந்துவிட்டால் அவளுக்கு ஜெயம். வழியில் வரிசையாகக் காவல் பூதங்கள். ஒவ்வொன்றும் அதற்குரிய உலோகத்துக்குத்தான் விழும். அவள் ஆயுதம் வாங்கிவிடக் கூடாதே என்று, கதையில் வரும் ஊரின் ஆயுதக் கடைகள் அத்தனைக்கும் அமாவாசை விடுமுறை விட்டேன். இன்னொரு பாதுகாப்பும் செய்துகொண்டேன். மாரி வாதாடுவாள். வாதாடினால் நான் ஜெயித்ததாகச் சரித்திரம் இல்லை. ஆகவே ஆட்டம் தொடங்குமுன் நடுவர் அயாஸ் முன்னிலையில் ஒரு சட்டம் போட்டேன்.

"மாஸ்டர் வாயில இருந்து ஒரு சொல்லு வந்துட்டா வந்ததுதான். மாத்த முடியாது."

"நீங்களே நெனச்சாலுமா?" என்றாள் மாரி.

"நானே நெனச்சாலும்!"

"தம்பி, கேட்டுக்கங்க."

"கேட்டுக்கிட்டேன் அண்ணி," என்றான் அயாஸ், அவள் சுட்டு வைத்த சீயத்தை மென்றபடி.

ஆட்டம் தொடங்கியது.

"நீ யாரா வார? வாள் வீரனா, மந்திரவாதியா?"

"கல்யாணப் பொண்ணு."

"என்னது?"

"நேத்துக் கல்யாணம் முடிஞ்சு மாமியா வீட்டுக்குப் போற பொண்ணு. அந்தக் கோட்டைதான் எம் மாமியா வீடு."

"ஆயுதம்?"

"பொம்பளப் புள்ளைக்கு என்னத்துக்கு ஆயுதம்? எஞ்சீர் சாமான் வண்டி மட்டும் கூட வரும். சரியா?"

"சரி," என்றேன்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாரி எதைக் கேட்டாலும் நான் 'சரி' என்பது யோசித்துச் சொல்வதில்லை. தாலி கட்டிய நாளிலிருந்து அது தும்மல் மாதிரி தானாக வருகிறது.

முதல் காவல் ஓநாய் மனிதன். எழுந்து நின்று ஊளையே இட்டுக் காட்டினேன். மேஜைக்கு அடியில் சினேகா பயந்துவிட்டாள். மாரி பயப்படவில்லை.

"வண்டியில வெள்ளிச் சொம்பு இருக்குல்ல? அதை எடுத்து அவன் மண்டையில ஒரு போடு."

"சொம்பு ஆயுதமா?"

"கத்தியா கோடாலியாங்கிறது முக்கியமில்ல, என்ன உலோகம்ங்கிறதுதான் முக்கியம்னு யாரு சொன்னா? சோத்துல கை காயக் காயச் சொன்னீகளே!"

"எங்கிட்டயும் சொன்னீகண்ணே," என்றான் அயாஸ்.

தாயக்கட்டை உருட்டிப் பழகிய கை. பகடையை உள்ளங்கைகளுக்கு நடுவில் தேய்த்து உருட்டினாள். பத்தொன்பது. ஓநாய் மனிதன் செத்தான்.

போகட்டும். தொடக்கத்தில் இப்படி ஒன்றிரண்டு நடப்பதுதான். அடுத்துப் பேயை விட்டேன்.

"அரிவாமனைய எடுத்து வழியில குறுக்க வச்சுட்டேன்," என்றாள். "சாயங்காலத்துல கறிக்கொழம்பு கொண்டு போறப்பத் பேய் அண்டாதுன்னு தூக்குவாளியில ஒரு ஆணியும் கரித்துண்டும் போட்டு விடுவாகல்ல? அதைத்தான் உங்க புஸ்தகத்துல கோல்டு அயன்னு எழுதியிருக்காகளா?"

"அது நெருப்புல காய்ச்சாத இரும்பா இருக்கணும்!"

"அரிவாமனைய எவ அடுப்புல தூக்கி வைப்பா?"

அயாஸைப் பார்த்தேன். அவன் சீயத்தைப் பார்த்தான். பேய் போய்விட்டது.

எனக்கு வியர்க்கவில்லை. ஏனென்றால் அடுத்தது துருப் பூதம். என் செல்லப் பிள்ளை. அது மீசையால் தடவினால் எப்பேர்ப்பட்ட உலோகமும் துருப்பிடித்து உதிரும். அரிவாள்மனையைத் தடவியது, உதிர்ந்தது. தோசைக்கல்லைத் தடவியது, அதுவும் உதிர்ந்தது. மாரியின் முகம் வாடியது. நிஜமான தோசைக்கல்லே போய்விட்ட மாதிரி 'அய்யோ' என்றாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

"இன்னும் என்ன வச்சிருக்க? எடு!"

"எவர்சில்வர் கொடம்."

"தடவுது! துருப்பிடிக்குது!"

"எவர்சில்வர் எங்கிட்டுத் துருப்பிடிக்கும்? மாடியில போயிப் பாத்துட்டு வாங்க. வந்த அன்னைக்கு இருந்தது மாதிரியே மின்னிக்கிட்டுக் கெடக்கு."

"அடியே, இது ராசா காலத்துக் கதை! அப்ப ஏது எவர்சில்வர்?"

"சீர் சாமான் வரலாம்னு சொல்லிட்டீகண்ணே," என்றான் அயாஸ். "வந்த சொல்லு வந்ததுதான்."

மாரி குடத்தைப் பூதத்தின் தலையில் கவிழ்த்தாள். பகடை பதினெட்டு. பூதத்தால் தலையை வெளியே எடுக்க முடியவில்லை. இப்போதும் அதற்குள்தான் இருக்கும் என்று நினைக்கிறேன்.

ஆனாலும் நான் கலங்கவில்லை. கோட்டை வாசலில் நிற்பது என் கடைசி ஆள். கல் பூதம். வாசல் முழுக்க அடைத்துக்கொண்டு நிற்கும். அடமண்டைன் தவிர எதுவும் அதைக் கீற முடியாது. கல்லலில் எந்தப் பாத்திரக் கடையிலும் அடமண்டைன் கிடையாது. என் மாமனார் எத்தனை மூட்டை நெல் விற்றிருந்தாலும் வாங்கியிருக்க முடியாது.

வெள்ளிச் சொம்பால் அடித்தாள். நசுங்கியது. மர மத்தால் அடித்தாள். முறிந்தது. அம்மிக் குழவியைத் தூக்கிப் போட்டாள்.

"அது மந்திரக் கல்லு. அதுக்குக் கூசக்கூடச் செய்யாது."

"பித்தள அண்டா இருக்கு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். "பித்தளைக்கு அடங்குற பூதம் இன்னும் பொறக்கல மாரி. வண்டிக்குச் சொல்லி விட்ரலாமா? கல்லல்தானே?"

மனதுக்குள் மேஜையை மாடிக்கு ஏற்றி, நாற்காலிகளைச் சுற்றிலும் போட்டுவிட்டேன். ஜன்னலோர நாற்காலி எனக்கு.

மாரி கன்னத்தில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"ஏங்க, இந்தப் பூதத்த யாரு செஞ்சது?"

"நாந்தான்! வாரம் பூராச் சோறு தண்ணி இல்லாமச் செஞ்சேன்."

"யாரு சொன்னாக் கேக்கும்?"

"செஞ்சவன் சொன்னாத்தான் கேக்கும். வேற சாமியே வந்து சொன்னாலும் அசையாது. நான் சொல்லணும்."

"ஓ." எழுந்து, சீயத் தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிப் பக்கம் நடந்தாள். தோற்றுவிட்டாள், அழப்போகிறாள் என்று நினைத்தேன். சமாதானம் சொல்ல வார்த்தை கூடத் தயார் செய்தேன். அடுப்படியிலிருந்து, பாலைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும் அதே குரலில் கேட்டாள்.

"ஏங்க, அந்தப் பூதத்தக் கொஞ்சம் ஓரமா நிக்கச் சொல்லுங்களேன். சீரு உள்ள போகணும்."

"சரி," என்றேன்.

அயாஸ் மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"அண்ணே…"

"டேய், அது மாஸ்டராச் சொல்லலடா! அது வந்து… வீட்ல எப்பயும் சொல்றது!"

"வந்த சொல்லு வந்ததுதாண்ணே. நீங்களே நெனச்சாலும்."

ஒரு வாரம் பட்டினி கிடந்து செய்த கல் பூதம் ஓரமாக ஒதுங்கி நின்றது. மாரியின் சீர் வண்டி கோட்டைக்குள் போனது. சினேகா மேஜைக்கு அடியிலிருந்து கை தட்டினாள். சாமான் மாடியிலேயே இருக்கும் என்று தீர்ப்பாகிவிட்டது. மாரி சிரித்த சிரிப்பைப் பார்த்தபோது, தோற்றதில் எனக்கே ஒரு சந்தோஷம். அவள் அப்பா நினைவு வந்திருக்க வேண்டும். கண் மறுபடியும் கலங்கியிருந்தது.

ஆனால் வீரன் விழும்போதும் ஒரு வீச்சு வீசிவிட்டுத்தான் விழுவான். நான் வீசினேன்.

"வாயத் தொறக்கக் கூடாதுதான். ஒரே ஒரு பேச்சு. வெள்ளி, இரும்பு, எவர்சில்வர் எல்லாம் ஒத்துக்கிறேன். ஆனா பித்தள? அத்தனை அண்டா, தவலை, குத்துவிளக்கு. இன்னைக்கு ஒண்ணாச்சும் உதவுச்சா? எதையாச்சும் அடக்குச்சா? நியாயத்தச் சொல்லு. பித்தளைய மட்டுமாச்சும் கல்லலுக்கு அனுப்பு. மேஜை போட எடம் கெடைக்கும்."

மாரி யோசித்தாள்.

"நீங்க சொல்றதும் நியாயந்தான். அனுப்பிரலாம்."

அயாஸே அசந்துபோனான். நான் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

"ஆனா இப்படிக் கறுத்துப் போயிருக்கதையா அனுப்புறது? எங்கம்மா என்ன நெனைக்கும்? எல்லாத்தையும் புளி போட்டுப் பளபளன்னு தேச்சு வச்சுருங்க. எல்லாம் ஒண்ணுபோல மின்னுற அன்னைக்கு வண்டி சொல்லிருவோம். சரியா?"

"சரி," என்றேன்.

தேக்கு மேஜை இப்போது மாடியில்தான் இருக்கிறது. தேய்த்த பாத்திரங்களைக் கவிழ்த்து வைக்க வசதியாக இருக்கிறது. ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு அயாஸும் வந்துவிடுகிறான். குத்துவிளக்கிலிருந்து தொடங்கி, தவலை, குடம் என்று தேய்த்துக்கொண்டே போய்ப் பெரிய அண்டாவை முடிப்பதற்குள், முதலில் தேய்த்த குத்துவிளக்கு மறுபடியும் கறுத்துவிடுகிறது.

பித்தளைக்கு அடங்குகிற பூதம் எந்தப் புத்தகத்திலும் இல்லைதான். எங்கள் வீட்டு மாடியில் ஒன்று இருக்கிறது, கையில் புளியோடு.