ஒண்ணுக்கு டாக்டரும் ஒரு பானைப் பதநீரும்

கல்யாண வீட்டில் மேடையேறி, மொய்க் கவரைக் கையில் கொடுத்துவிட்டு, மணப்பெண்ணின் காதில், "ஏளா, ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதா?" என்று கேட்கத் துணிந்த பிறவி இந்தப் பூமியிலேயே ஒருத்தர்தான். அவர் எங்கள் தூத்துக்குடியில் இருந்தார். அவரிடம் லேப் டெக்னீஷியனாக நான் வேலை பார்த்தேன். இதைவிடப் பெரிய தகுதி எனக்கு எதுவும் கிடையாது.

அசல் பேரை எழுதினால் போனில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கிவிடுவார். ஊருக்கு அவர் 'ஒண்ணுக்கு டாக்டர்'. மருத்துவக் கல்லூரியில் பேராசிரியை. உப்பளத்தில் வேலை பார்க்கிற பெண்களுக்கு சிறுநீரகம் ஏன் இப்படிக் கெட்டுப்போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதுதான் அவருக்குப் பிடித்திருந்த பைத்தியம். கண்டுபிடிக்கச் சிறுநீர் வேண்டுமே! வெட்கம் மானம் பார்க்காமல் எல்லோரிடமும் கேட்டார். ஆட்டோ ஸ்டாண்டில் பேர் வைத்துவிட்டார்கள். முதல் தடவை காதில் விழுந்தபோது நான் சண்டைக்கே கிளம்பிவிட்டேன். அவர்தான் சட்டையைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏலே செல்வின், எம்.டி. பட்டம் யுனிவர்சிட்டி குடுத்தது. இது ஊரு குடுத்தது. ரெண்டையும் சேத்து போர்டுல போடலாமான்னு பாக்கேன்."

எங்கள் ஆராய்ச்சிக்கூடம் மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஆராய்ச்சிக்கூடம் என்பது மரியாதைக்குச் சொல்வது. நிமிர்ந்தால் தலையில் இடிக்கும். சாம்பிள் வைக்க டாக்டர் தன் வீட்டு ஃப்ரிட்ஜையே பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டார். பாவம், அவர் வீட்டுக்காரர் தோசை மாவைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு நடந்தார். சிறுநீரைச் சுழற்றிப் பிரிக்கிற மெஷின் ஒன்று இருந்தது. அதைப் போட்டால் மேசையோடு சேர்ந்து வாசல்வரை நடந்து வரும். நான் இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். பார்க்கிறவர்கள் எனக்குக் காக்காவலிப்பு என்று நினைப்பார்கள்.

ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு டாக்டர் நாட்டின் தலைநகரத்தில் இருக்கிற பெரிய ஆராய்ச்சி நிறுவனத்துக்கு எழுதிக்கொண்டே இருந்தார். பதிலும் தவறாமல் வந்தது. உங்கள் ஆய்வு மிகச் சிறப்பானது, ஆனால் உங்களிடம் வசதி போதாது, சாம்பிளை எங்களுக்கு அனுப்பிவையுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். ஒவ்வொரு தடவையும் இதைப் படித்துவிட்டு டாக்டர் ஆடுகிற ஆட்டத்தில் மாடிப்படியே அதிரும்.

"வசதி இல்லன்னு பணம் தர மாட்டான். பணம் இல்லாம வசதி எங்கிட்டுலே வரும்? சீக்கு நம்மது, சாம்பிள் நம்மது, பேரு மட்டும் அவனுக்கா? நம்மாளு மூச்சடக்கி முத்து எடுத்தான், எவனோ கழுத்துல போட்டான். மறுபடியும் அதே கதையா? விட மாட்டேன்லே!"

இந்தச் சத்தம் டீன் காதுக்கும் போயிருக்க வேண்டும். ஒருநாள் கூப்பிட்டு, "இந்த வருசமும் பணம் வரலைன்னா ரூமைக் காலி பண்ணிருங்க டாக்டர். கட்டில் போட இடமில்லாம திண்டாடுதோம்" என்று சொல்லிவிட்டார். ரூம் போனால் ஆராய்ச்சியும் போச்சு. அதுவரை சேர்த்த சாம்பிளெல்லாம் தலைநகரத்துக்கு ரயில் ஏற வேண்டியதுதான்.

இந்த லட்சணத்தில்தான் அந்தக் கூத்து நடந்தது. முள்ளக்காட்டுப் பக்கம் ஓர் உப்பளத்தில் பெண்களுக்கெல்லாம் குப்பி கொடுத்து சாம்பிள் வாங்கி வந்தோம். மெஷினைக் கட்டிப்பிடித்து டெஸ்ட் பண்ணினால், ஒரே பாத்தி வரிசையில் வேலை பார்க்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் அச்சு அசலாக ஒரே ரிசல்ட்! டாக்டர் என்னை எரிக்கிற மாதிரி பார்த்தார். "ஒரே குப்பியவே திருப்பித் திருப்பிப் போட்டியாலே, தூங்குமூஞ்சி?" நான் என் சொந்த ஊர் நாசரேத் சர்ச்சின் மேல் சத்தியம் செய்தேன். நம்பவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நேரே உப்பளத்துக்கே போனோம்.

அந்த வரிசைக்குத் தலைவி பேச்சியக்கா. உப்பு வாருகிற பலகையை ஊன்றிக்கொண்டு கொஞ்சமும் அசராமல் சொன்னாள்.

"இதுல என்ன டாக்டரம்மா இருக்கு? இவளுவளுக்கு வரல. நான் கஞ்சித்தண்ணி குடிச்சிட்டு வந்தேன், எனக்கு வந்துச்சு. ஆளுக்குக் கொஞ்சமா ஊத்திக் குடுத்தேன். வெறுங்குப்பியக் குடுத்தா நீங்க வருத்தப்படுவீகளேன்னுதான். தெனமும் கொழம்பப் பங்கு வைக்கோம், இதப் பங்கு வைக்கக் கூடாதா?"

டாக்டர் உப்புக் குவியல் மேலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நானும்தான். சிரித்து முடித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அது சரி, இவளுவளுக்கு ஏன்ளா வரல?"

"தண்ணி குடிச்சாத்தான வரும்."

"ஏன் குடிக்கல?"

"குடிச்சா வந்துரும்லா! வந்தா எங்கன போக? நீங்களே பாருங்க, மறைவுக்கு ஒரு செடி இருக்கா?"

பார்த்தோம். கண்ணுக்கு எட்டிய தூரம்வரை உப்புப் பாத்தி. வெயில் பட்டுக் கண் கூசியது. டாக்டரின் சிரிப்பு நின்றுவிட்டது. திரும்பி வரும்போது வழி முழுக்க வண்டிக்கு வெளியே ஒரு செடியாவது தென்படுகிறதா என்று தேடிக்கொண்டே வந்தார். 

மறுவாரம் பந்தல்காரரிடம் சண்டை போட்டு ஒரு பழைய சாமியானாத் துணியை வாங்கினார். நாலு கம்பு நட்டு, குழி வெட்டி, உப்பளத்துக்கு நடுவே மறைப்புக் கட்டினோம். அவ்வளவுதான், பக்கத்து அளத்துப் பெண்களெல்லாம் வரப்பு வரப்பாக நடந்து வர ஆரம்பித்துவிட்டார்கள். "டாக்டர், இவங்க நம்ம ஆய்வுல கிடையாது" என்றேன். "வாயப் பொத்துலே. போயிட்டுப் போட்டும்" என்றார். ஒரு மறைப்புக் கிடைத்தால் இவர்கள் தண்ணீர் குடிப்பார்களா, குடித்தால் சிறுநீரகம் தப்புமா என்று வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்க்க வேண்டும், அதை இங்கேயே பார்க்க வேண்டும் என்று புதிதாக எழுதி அனுப்பினார். இந்தத் தடவை பதிலுக்குப் பதிலாக ஆட்களே வந்துவிட்டார்கள்.

தலைநகரத்துக் குழு. கோட்டு, டை. தலைவர் நல்ல உயரம். டாக்டர் படம் போட்டு எல்லாவற்றையும் விளக்கி முடித்ததும் அவர் இங்கிலீஷில் ஒன்று சொன்னார். "மேடம், இவ்வளவு எளிய விஷயத்துக்கு இங்கே எதற்குத் தனி லேப்? அந்தப் பெண்களைத் தண்ணீர் குடிக்கச் சொல்லிவிடுங்களேன்."

டாக்டர் கோபப்படவில்லை. புன்னகைத்தார். அவர் அப்படிப் புன்னகைத்தால் யாருக்கோ கேடுகாலம் என்று எனக்குத் தெரியும்.

"வெயில்ல வந்திருக்கீங்க சார், முதல்ல பதநீர் சாப்பிடுங்க."

ஒரு பானைப் பதநீர் வந்தது. நுங்கு மிதந்தது. குடித்தார்கள். எங்கள் ஊர் மக்ரூனைத் தட்டில் வைத்தார். தின்றால் தாகம் எடுக்காமல் இருக்குமா? மறுபடியும் பதநீர். அதற்கு மேல் டீ. "விருந்தாளியக் கவனிக்கலைன்னா எங்க ஊருக்கே அவமானம் சார்" என்று சொல்லிச் சொல்லி ஊற்றினார். பிறகு, "வாங்க, ஸ்பாட்டைப் பாத்துருவோம்" என்று ஜீப்பில் ஏற்றிவிட்டார்.

அங்கே போனால் சாமியானாவைக் காணோம். கம்பு மட்டும் நிற்கிறது. "துணி எங்க டாக்டர்?" என்று பதறினேன். "வெளுக்கப் போட்டிருக்கேன். நீ சும்மா நில்லு."

அப்புறம் பாடம் எடுக்க ஆரம்பித்தார் பாருங்கள்! கடல்தண்ணீர் எப்படி வருகிறது, எந்தப் பாத்தியில் எப்போது உப்பு விளைகிறது, வாருகிற பலகையின் நீளம் என்ன, அகலம் என்ன! ஆராய்ச்சிக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. தலைவர் வலக்காலில் நின்றார், இடக்காலுக்கு மாறினார், பிறகு இரண்டையும் பின்னிக்கொண்டார். கடைசியில் டாக்டர் பக்கம் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"மேடம்... இங்கே ரெஸ்ட் ரூம்?"

"அதைத்தான் சார் அத்தனை பக்கத்துல எழுதி அனுப்பியிருந்தேன்" என்றார் டாக்டர்.

பேச்சியக்காவுக்கு பாஷை புரியாவிட்டாலும் நெளிவு புரிந்துவிட்டது. மனசு கேட்காமல், "அடக்கிக்கிடுங்க அண்ணாச்சி, நாங்க வீட்டுக்குப் போறவரைக்கும் அடக்குதோம்லா" என்று ஆறுதல் சொன்னாள். டாக்டர் அதை ஒரு எழுத்து விடாமல் மொழிபெயர்த்தார்.

ஜீப் பறந்தது. பெட்ரோல் பங்கில் நிற்பதற்கு முன்னாலேயே கோட்டுகள் குதித்து ஓடின. திரும்பி வந்த தலைவர் ஜீப்பில் ஏறி உட்கார்ந்தார். பிறகு நல்ல மனுசனாக ஒரு கேள்வி கேட்டார். "இங்கேயே டெஸ்ட் பண்ணினால் எவ்வளவு சீக்கிரம் அவர்களுக்கு ரிசல்ட் சொல்லலாம்?"

"அன்னைக்குச் சாயங்காலமே. உங்க ஊருக்கு அனுப்பினா, ரிசல்ட் வாரதுக்குள்ள மழை வந்து உப்பளத்தை மூடிருவாங்க சார். அப்புறம் அந்தப் பொம்பளைங்கள நான் எங்க போய்த் தேட?"

தலைவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த வருசமே பணம் வந்தது. மாடிப்படிக்கு அடியிலிருந்து நாங்கள் நிமிர்ந்து வெளியே வந்தோம். ஹால் வந்தது, நடக்காத மெஷின் வந்தது. சாத்தான்குளத்திலிருந்தும் ஆத்தூரிலிருந்தும் பிள்ளைகள் வேலை பழக வந்தார்கள். முதல் ரிசல்ட்டைத் தூக்கிக்கொண்டு டாக்டர் உப்பள முதலாளிகள் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தார். அவர் தொல்லை தாங்காமலே சில அளங்களில் சிமென்ட்டில் கழிப்பறை எழும்பியது.

டாக்டர் ரிட்டயர் ஆகிற வருசம், விமான நிலையத்திலிருந்து ஒரு குளிர்பெட்டி வந்தது. அனுப்பியது தலைநகரம். வேறொரு மாநிலத்துத் தொழிலாளர்களின் சாம்பிள், இந்தப் பரிசோதனையில் உங்களுக்குத்தான் அனுபவம் அதிகம், பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டிருந்தார்கள். டாக்டர் எங்கள் எல்லோரையும் வாசலில் வரிசையாக நிறுத்தி வைத்து, பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார்.

"ஏலே, எந்த ஊரு மூத்திரமோ நம்ம வீடு தேடி வந்திருக்குலே!" என்றார். கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தார். எங்களுக்கு நெஞ்சு அப்படி நிமிர்ந்துவிட்டது, சட்டைப் பித்தான் தெறிக்காததுதான் பாக்கி.

முதல் குப்பியை எடுத்து என் கையில் கொடுத்தார். மெஷினில் வைக்கப் போனவன் பாதியிலேயே நின்றுவிட்டேன். தப்பாகிவிட்டால் இத்தனை வருசப் பாடும் போச்சே! டாக்டர் பக்கத்தில் வந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சும்மா வைலே. நம்மளால முடியும்."

எங்க அம்மா சொன்ன வார்த்தையைக்கூட நான் அப்படி நம்பினதில்லை.