அறுபதாவது நொடி

“அறுபதாவது நொடின்னு ஒண்ணு கிடையாது சார். ஐம்பத்தொன்பதுக்கு அப்புறம் சைபர்தான்.”

பிரசவ ஆஸ்பத்திரியின் பிறப்புப் பதிவு கவுன்ட்டரில் கண்ணாடிக்காரம்மா கறாராகச் சொன்னாள்.

“இன்னிக்கு மட்டும் உண்டும்மா!” என்றார் நேர ஆய்வகத்துக்காரர். அணுக்கடிகாரங்களைக் கட்டி மேய்ப்பது அவர் உத்தியோகம். “அந்தக் கடிகாரமெல்லாம் இம்மி பிசகாது. பூமிதான் சுத்தறதுல கொஞ்சம் அசமந்தம். அது வந்து சேரட்டும்னு எப்பவாவது உலகம் பூரா ஒரு நொடியைக் கூடச் சேர்ப்போம். இன்னிக்குக் காலையில ஏழு ஐம்பத்தொன்பது முடியறப்போ அந்த நொடி. கரெக்டா அதுல என் குழந்தை வீல்னு கத்திச்சு! கதவுக்கு வெளியே வாட்சைப் பார்த்துக்கிட்டே நின்னேன்.”

“சந்தோஷம். ஆணா, பொண்ணா?”

“அதெல்லாம் அப்புறம். முதல்ல நேரத்தைப் போடுங்க.”

கத்தல் கேட்ட கையோடு ஓடி வந்து வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அவர். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து வந்த குழந்தை. அப்பா கொடுக்கும் முதல் சொத்து இந்த நொடி. விட்டுவிடுவாரா?

அவள் கம்ப்யூட்டரில் அறுபது என்று தட்டினாள்.

“குழந்தைக்கு வயசு நூத்தி இருபதுன்னு காட்டுது சார். பென்ஷன் வேணுமான்னு கேக்குது.”

“ஐம்பத்தொன்பதையும் போடுங்க, எட்டு மணியையும் போடுங்க. நடுவுல இருக்கறதை அதுவா புரிஞ்சுக்கும்.”

“இரட்டைக் குழந்தைன்னு பதிஞ்சிடுச்சு.”

“ஐயோ, ஒண்ணை அழிங்க!”

“அழிக்கணும்னா அந்தக் குழந்தையே நேர்ல வந்து கையெழுத்துப் போடணுமாம்.”

அத்தோடு கம்ப்யூட்டர் உறைந்துபோனது. வரிசை வாசல் வரை நீண்டது.

“யோவ், என் பையன் பள்ளிக்கூடம் போற வயசு வந்துடும்யா, நகரு!” என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

“ஒரு நொடி பொறுங்க!”

“அந்த ஒரு நொடியாலதானய்யா இத்தனை ரகளை!”

சத்தம் கேட்டு வந்த சூப்பரின்டென்டென்ட், ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க ஜெயிச்சிட்டீங்க. கையாலேயே எழுதித் தந்துடறேன். டாக்டர் சீட்டை அப்புறமா கொண்டு வாங்க.”

7:59:60. மை காய்வதற்குள் ஆய்வகத்துக்காரரின் கண் நிறைந்தது. முத்திரை விழப்போகும் சமயம், மூச்சிரைக்க ஓடி வந்தாள் ஒரு நர்ஸ்.

“இங்கேயா சார் இருக்கீங்க? காலையில கத்தினது பக்கத்து ரூம் குழந்தை. உங்க வீட்டம்மாவுக்கு இப்பத்தான் வலியே எடுத்திருக்கு!”