மயக்கத்தில் தெரிந்த ஷூ

வியாழக்கிழமைதோறும் ஆம்பூர் ஒரு டாக்டரின் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தது. தொலைக்காட்சித் தொடரில் வரும் டாக்டர். அவர் விரலைச் சொடுக்கினால் எதிரே இருப்பவர் மயங்கி, பத்து வருஷம் மறைத்த ரகசியத்தைக் கொட்டிவிடுவார். விளம்பரம் ஓடும்போதுகூட ஒருவரும் எழுந்திருப்பதில்லை.

தொடர் தொடங்கிய ஆறாவது மாதம் பேரணாம்பட்டில் ஒரு நிபுணர் முளைத்தார். பெயர் வசீகரநாதன். மயங்குவதற்கு ஒரு பெண்ணையும் அவரே அழைத்து வருவார். ஷூ கம்பெனி மேனேஜர் தானே காரில் போய் இருவரையும் கூட்டிவந்தார். வெளிநாட்டுக்காரருக்குத் தைத்த சாம்பிள் ஷூவைக் காணவில்லை. மயங்கிய பெண்ணின் வாயில் எடுத்தவர் பெயர் வந்தால் வேலை போகும்; போலீஸும் வரும்.

அதைக் கடைசியாகத் தொட்டவள் தையல் பிரிவு தேவகி. மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தான் எடுக்கவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் தொடரின் கதாநாயகிக்கும் தான் கொலை செய்தது இருபதாவது வாரம்தான் தெரிந்தது. தனக்கே தெரியாமல் எடுத்திருந்தால்? வீட்டில் அரிசி டின்னைக்கூடக் கவிழ்த்துத் தேடிவிட்டாள்.

சாப்பாட்டுக் கூடத்தில் இருநூறு பேர். நிபுணர் சொடுக்கினார். பெண் சரிந்தாள். நாற்காலி இருந்த பக்கமாகவே சரிந்தாள். “தே... தே...” என்று முனகினாள். மீதியை மேனேஜர் சொல்லி முடித்தார்.

தேவகி எழுந்தாள். ஒப்புக்கொண்டுவிடலாம் என்று வாயைத் திறந்தாள்.

அதற்குள் லேபில் தோலைச் சோதிக்கும் அஃப்ஷா, சின்னக் குரலில், ஒரே ஒரு கேள்வி கேட்கலாமா என்று அனுமதி கேட்டாள். மயங்கியவளுக்குத் தெரியாதது எதுவுமில்லை, தாராளமாகக் கேள் என்றார் நிபுணர்.

“அந்த ஷூ இப்போ எப்படி இருக்குது?”

“ஜோடியா இருக்குது,” என்றாள் அந்தப் பெண், கண்ணைத் திறக்காமல். “இவங்க வூட்டுக் கட்டிலுக்கு அடியில. ஒண்ணு மேல ஒண்ணா.”

“இன்னாது, ஜோடியா?” என்றார் வெட்டும் பிரிவு ஹயாத் பாஷா.

“சாம்பிளுக்கு இடது கால் மட்டும்தான் சார் தைப்போம்,” என்று அஃப்ஷா நிபுணருக்கு விளக்கினாள். “வலது காலுக்கு இன்னும் தோலே வெட்டல.”

கூடம் சிரித்தது. மயங்கியவள் சொடுக்குக்குக் காத்திராமல் எழுந்துகொண்டாள். நிபுணர் மேனேஜர் பக்கம் திரும்பினார்.

“இத கார்ல நீங்க சொல்லவே இல்லியே சார்.”

இருநூறு பேருக்கும் கேட்டது.

தேவகி இன்னும் நின்றுகொண்டிருந்தாள். “அப்போ நான் எடுக்கலியா, அஃப்ஷா?”

“எடுத்தீங்களா இல்லியான்னு உங்களுக்குத் தெரியாதாக்கா? அத ஏன் கண்ண மூடிக்கினு இருக்கிறவங்ககிட்டப் போய்க் கேக்கறீங்க?”